அசரீரியின் ஊரும் பேரும்

தாம்பரத்துக்கு மேற்கே, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிற படப்பைக் கடைவீதியில், விடிவதற்குச் சற்று முன்பாக வந்து நிற்கிறவர், ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஓரங்கட்டுவதையும், தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையும் தொங்க, இளைஞர்களும் யுவதிகளும் அரைத் தூக்கத்தோடு அவற்றில் ஏறிக்கொள்வதையும் நாள் தவறாமல் காணலாம். டீக்கடைப் பெட்டியிலிருந்து ஒரு நிலையமும், ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்து வேறொரு நிலையமும், ஜன்னலோரத்துப் பையனின் கைப்பேசியிலிருந்து மூன்றாவது நிலையமும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருக்கும். “அண்ணே, சூரியன் வைங்கண்ணே” என்று பின் வரிசையிலிருந்து யாரேனும் குரல் கொடுப்பார். ஓட்டுநர் திரும்பிப் பாராமலே பொத்தானை அமுக்குவார். இரண்டு விநாடி ஏதோ ஒரு மெட்டு கேட்கும். பெயர் சொல்வதற்குள்ளாகவே வேண்டிய நிலையம் வந்துவிட்டதென்று எல்லாரும் அறிந்து சாய்ந்துகொள்வார்கள்.

இந்தக் காட்சியில் ஒரு விசித்திரம் உண்டு. ஏறுகிற மனிதர் ஒவ்வொருவருக்கும் தாம் யார் என்று காட்ட ஓர் அட்டை இருக்கிறது. வாயிற்காவலர் அதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பத்திரிகைக்கு முகப்பிலே பெயர் உண்டு. கடைக்குப் பலகை உண்டு. கழுத்தும் இல்லாமல் முகமும் இல்லாமல் காற்றில் வருகிற குரல் தன் அட்டையை எங்கே மாட்டிக்கொள்ளும்? தன் பெயரைத் தானே, தன் வாயாலேயே, ஒரு நாளைக்கு நூறு தடவையானாலும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. நம்முடைய புராணங்களில் வருகிற அசரீரிக்கு இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. தேவகியின் கல்யாண ஊர்வலத்தில் வானத்திலிருந்து எழுந்த குரலைக் கேட்ட கம்சன், பேசுகிறது யார், எங்கிருந்து என்று விசாரிக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் நம்பினான், நடுங்கினான். நவீன அசரீரியோ ஆயிரக்கணக்கான அசரீரிகளுக்கு நடுவே பேச வேண்டியதாகிவிட்டது. அது தன் ஊரையும் பேரையும் சொல்லித்தான் தீர வேண்டும்.

வாசலில் வந்து நிற்கிற அந்நியரிடம் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு: எந்த ஊர், என்ன பேர். வானொலி நிலையங்கள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு நூற்றாண்டாக எப்படியெல்லாம் விடை சொல்லி வந்திருக்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அது வெறும் விளம்பர சாமர்த்தியத்தின் சரித்திரம் அல்ல, கேட்கிற நம்மை அவர்கள் யாரென்று கருதி வந்தார்கள் என்பதன் சரித்திரமுமாகும்.

முதன்முதலில் இது சட்ட விஷயமாகவே இருந்தது. வானலைகளுக்கு எல்லைக் கல் நட முடியாதாகையால், எந்த அலையில் யார் பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டால் குழப்பமே மிஞ்சும். அதனால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள், ஒலிபரப்புகிறவர் அடையாளம் காணத்தக்கவராக இருக்க வேண்டுமென்றும், பொய்யான அடையாளம் தரக் கூடாதென்றும் வற்புறுத்துகின்றன. நாடுகளுக்கு எழுத்துகள் பங்கிடப்பட்டன. இந்தியாவுக்குக் கிடைத்தவற்றுள் ‘வி.யு.’ என்று தொடங்குவதும் ஒன்று; பம்பாய் நிலையம் வி.யு.பி., கல்கத்தா நிலையம் வி.யு.சி., சென்னை நிலையம் வி.யு.எம். என்று குறியீடு பெற்றன. அமெரிக்காவில் இந்த எழுத்துகள் ஜனங்களின் நாவிலேயே பழகிவிட்டன. மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே பெரும்பாலும் ‘டபிள்யூ’ என்றும் மேற்கே ‘கே’ என்றும் தொடங்கும் குறியீட்டையும், அதை அடுத்து உரிமம் பெற்ற ஊரின் பெயரையும், மணிக்கொரு முறை ஒவ்வொரு நிலையமும் சொல்லியாக வேண்டும் என்பது இன்றும் அங்கே சட்டம். பேர் உடனே ஊர் என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. நம் நாட்டில் எழுத்துக் குறியீடுகள் பொறியாளர்களின் ஏடுகளோடு நின்றுவிட்டன. ஜனங்களுக்கு வேண்டியிருந்தது ஓர் ஊரின் பெயரும் ஓர் இசையும்தான்.

ஊரின் பெயரை முதலில் சொல்ல வேண்டியது முறை. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16-ஆம் தேதி ‘மதராஸ் மாகாண ரேடியோ கிளப்’ என்னும் சங்கம் தோன்றி, அதே ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி வெறும் 40 வாட் சக்தியுள்ள கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927-ல் அந்தச் சங்கம் மூடப்பட, அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தானே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாத ஜனங்கள் கடற்கரையிலும் பூங்காக்களிலும் வைத்திருந்த ஒலிபெருக்கிகளின் அடியில் கூடி நின்று கேட்டார்கள். பின்னர் 1938 ஜூன் 16-ஆம் தேதி எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அதற்கடுத்த ஆண்டு மே 16-ஆம் தேதி திருச்சி நிலையமும் தோன்றின. ‘சென்னை வானொலி நிலையம்’, ‘திருச்சி வானொலி நிலையம்’ என்ற சொற்றொடர்களில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆயினும் அரியக்குடி, செம்மங்குடி, காருகுறிச்சி என்று ஊரையே பெயருக்கு முன்னால் தாங்கிய வித்துவான்களின் இசையைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, ஊர்ப் பெயரால் தன்னைச் சொல்லிக்கொள்கிற நிலையம் அந்நியமாகத் தோன்றியிராது.

அடுத்து அந்த இசையின் கதை. விடியற்காலையில், ஒலிபரப்புத் தொடங்குவதற்கு முன்பாக, தம்புராவின் சுருதி மேல் வயலின் தனியாக எழுந்து, மேலே போய், தயங்கி, இறங்கி, மறுபடியும் எழுகிற அந்த மெட்டைக் கேளாமல் வளர்ந்த தமிழர் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை மிகச் சிலரே இருந்திருப்பர். அதனையடுத்து ‘வந்தே மாதரம்’. அதற்கப்புறம் மங்கள இசை. இப்படி ஒரு பூஜைக் கிரமம் போல நாள் தொடங்கும். சிவரஞ்சனி ராகத்தின் சாயலில் அமைந்த அந்த மெட்டை உண்டாக்கியவர் என்று பெரும்பாலோர் சொல்லும் வால்டர் காஃப்மன், 1907-ல் பொஹீமியாவின் கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்த யூதர்; ஹிட்லரின் கை ஓங்கிய காலத்தில், 1934-ல், பம்பாய்க்கு வந்து சேர்ந்து, அங்கே சங்கீத சபை நடத்தி, வானொலியின் ஐரோப்பிய இசைப் பகுதியிலே உத்தியோகம் பார்த்து, 1946-ல் இந்நாட்டை விட்டுச் சென்றவர். சொந்த ஊரை இழந்து வந்த அகதி ஒருவரின் கற்பனையில் பிறந்த மெட்டு, கோடிக்கணக்கானவர்களுக்குத் தத்தம் வீட்டுத் திண்ணையையும் தாயாரின் சமையலறையையும் ஞாபகப்படுத்தும் ஒலியாக ஆகிவிட்டது. மகிழ்ச்சியா துக்கமா என்று பிரித்தறிய முடியாத சிவரஞ்சனியின் சுபாவம் அதற்குப் பொருத்தமாகவே வாய்த்தது எனலாம்.

இத்தகைய மெட்டு வெறும் அழகுக்காக ஏற்பட்டதன்று. பழைய வால்வுப் பெட்டிகளில் முள்ளை மெதுவாகத் திருப்பித்தான் நிலையத்தைப் பிடிக்க வேண்டும்; வெறும் மௌனத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்தால் திருப்புகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ஆகவே நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பும், இடைவேளைகளிலும், ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார்கள். அது, ‘இங்கேதான் இருக்கிறேன், திருகுவதை நிறுத்து’ என்று சைகை காட்டும் கலங்கரை விளக்கம். இதில் சிக்கனத்தின் சிகரத்தைத் தொட்டது அமெரிக்காவின் என்.பி.சி. ஸ்தாபனம். மூன்றே ஸ்வரங்கள்: நம் முறையில் சொல்வதானால், மந்திர ஸ்தாயியில் பஞ்சமம், அதிலிருந்து தாவி மத்திய ஸ்தாயி அந்தர காந்தாரம், பிறகு ஷட்ஜத்தில் வந்து ஓய்தல். ‘ப, க, ஸ’ என்று ஒரு மூச்சில் பாடிவிடக்கூடிய இந்த மணியோசையை 1950-ல் அவர்கள் வியாபாரச் சின்னமாகவே பதிவு செய்துகொண்டார்கள். சித்திரமும் எழுத்தும் போலவே ஓசையும் ஒருவரின் உடைமையாகலாம் என்பதற்கு அது முன்மாதிரியாயிற்று. லண்டன் பி.பி.சி.யோ நேரத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. 1924 பிப்ரவரி 5 முதல் கிரீனிச் வானாராய்ச்சிக் கூடத்திலிருந்து பெறப்பட்ட ஆறு ‘பீப்’ ஒலிகள், சரியான மணி சொல்லும் இந்த ஸ்தாபனம் சரியான சமாசாரமும் சொல்லும் என்ற நம்பிக்கையை உலகெங்கும் விதைத்தன.

இனி, பேர். 1936 ஜூன் 8-ஆம் தேதி வரை அரசாங்க ஒலிபரப்புக்கு ‘இந்திய அரசு ஒலிபரப்பு சர்வீஸ்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் இருந்தது. வாயில் நுழையாத அந்தப் பெயரைப் பிடிக்காத லயனல் ஃபீல்டன் என்ற தலைமை அதிகாரி, வைசிராய் லின்லித்கோவிடம் பேசி ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று மாற்றச் செய்தார். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ‘காற்று’ என்று பொருள்படும் சொல் கிடைப்பது அதில் ஒரு நயம். அதற்கு ஓராண்டு முன்பே மைசூரில் எம்.வி. கோபாலஸ்வாமி என்ற பேராசிரியர் தாம் நடத்திய சிறு நிலையத்துக்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் சூட்டியிருந்தார். அந்தப் பெயரையே 1950-களின் பிற்பகுதியில் மத்திய அரசாங்கம் நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. ‘வானொலி’ என்ற அழகான சொல் மக்கள் வழக்கில் ஏற்கெனவே ஊன்றிவிட்ட பிறகு வேறொரு சொல் எதற்கு என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. விளைவு என்னவென்றால், ஒரே பெட்டியில், ஒரே காலையில், உள்ளூர் அறிவிப்பாளர் ‘சென்னை வானொலி நிலையம்’ என்பார். சில நிமிஷங்களில் டெல்லியிலிருந்து ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்ற கம்பீரமான குரல் வரும். இரண்டு பெயரும் காதில் விழுந்தன. இரண்டையும் மக்கள் தத்தம் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் சச்சரவு ஓயவில்லை. இனி ஒலிபரப்பில் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று சொல்லாமல் ‘ஆகாசவாணி’ என்றே சொல்ல வேண்டுமென்று 2023 மே மாதத்தில் உத்தரவு வந்தபோது, அறுபது ஆண்டுக்கு முந்திய அதே வாதங்கள் தமிழ்நாட்டில் மறுபடியும் கேட்டன.

காற்று, ஆகாசவாணி, வானொலி என்ற மூன்று பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றுமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். ஆகாசத்தின் குணம் சப்தம் என்பது நம் தத்துவ சாஸ்திரங்களின் பழைய கொள்கை. அரசாங்க நிலையம் தன்னை மேலிருந்து வருகிற குரலாகவே எண்ணிக்கொண்டதற்கும் இந்தப் பெயர்களுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று நினைப்பதில் தவறில்லை.

செய்தி வாசிப்பவர் தம் பெயரைச் சொல்கிற சம்பிரதாயத்துக்கும் ஒரு பூர்வகதை இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1940-ல், ஜெர்மானியர் இங்கிலாந்தில் வந்திறங்கக்கூடும் என்ற பீதி நிலவிய சமயத்தில், எதிரியின் ஆள் எவனாவது பி.பி.சி.யின் குரலில் பொய்ச் செய்தி பரப்பிவிடாமல் இருக்க, அதுவரை பெயரில்லாதிருந்த செய்தி வாசிப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் தம் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். பெயரும் குரலும் சேர்ந்து பழகிவிட்டால் போலிக் குரல் உடனே பிடிபட்டுவிடும் அல்லவா? அதே யுத்த காலத்தில் நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு விசேஷம் நடந்தது. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலி, 1942 ஆகஸ்டு 27 முதல், ‘42.34 மீட்டரில், இந்தியாவில் ஏதோ ஓர் இடத்திலிருந்து’ என்ற கருத்துப்பட ஆங்கிலத்தில் தன்னை அறிவித்துக்கொண்டது. பேரையும் அலை எண்ணையும் சொல்லி, ஊரை மட்டும் ஒளித்துக்கொண்ட அந்த நிலையம், போலீசாருக்குத் தப்ப வீட்டுக்கு வீடு மாறி, நவம்பர் 12-ஆம் தேதி பிடிபடும் வரை பேசியது. ஊரைச் சொன்னால் அதற்கு உயிர் போய்விடும்; ஆகவே சொல்லவில்லை. இந்தக் காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வாசகரை வேண்டுகிறேன். கட்டுரையின் பின்பகுதியில் அது உதவும்.

தமிழ் ஒலிபரப்பில் பேரும் ஊரும் ஒன்றாகக் கலந்து, தனி அழகாக மலர்ந்தது கடலுக்கு அப்பாலே. 1952 முதல் பி.வி. கேஸ்கர் என்ற அமைச்சர் சினிமாப் பாட்டுகளை இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கி வைத்தார். கொழும்பில் 1950-ல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அந்தப் பசியை ஆற்றியது. நம் அரசாங்கம் விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கிய பிறகும், தென்மாவட்டங்களின் டீக்கடைகளில் ‘சிலோன் வை’ என்ற குரல் அடங்கவில்லை. தேசத்தின் பெயரே நிலையத்தின் பெயராக மக்கள் வாயில் வழங்கியது.

அந்த நிலையத்துக்கு அடையாளம் தந்தவை மூன்று என்று சொல்லலாம். முதலாவது, அதன் சொல். ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தமிழ்ச் சேவை இரண்டு’ என்று நிறுத்தி நிதானமாக உச்சரிக்கும்போது, ‘கழகம்’ என்று சொல்லிப் பழகிய தமிழ்நாட்டுக் காதுக்குக் ‘கூட்டுத்தாபனம்’ என்ற அந்த ஒரு பதமே, இது நம் தமிழ்தான், ஆனால் வேறு கரையின் தமிழ் என்று தெரிவித்துவிடும். இரண்டாவது, நிகழ்ச்சிகளின் பெயரும் முகப்பிசையும். ‘பொங்கும் பூம்புனல்’ என்ற காலை நிகழ்ச்சியின் ஆரம்ப இசையை இன்றும் வாயால் வாசித்துக் காட்டுகிற முதியவர்கள் ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் உண்டு. மூன்றாவதும் முக்கியமானதும், அறிவிப்பாளர். எஸ்.பி. மயில்வாகனம் தொடங்கி, கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்று வந்த அந்தப் பரம்பரையினர் தம் பெயரோடு, தமக்கே உரிய கதியோடு, நேயர்களோடு உறவு கொண்டாடிப் பேசினார்கள். சிற்றலையில் வருகிற ஒலி அலைபோல் எழும்பியும் அமுங்கியும் வரும். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல் அகப்பட்டாலும் பேசுகிறவர் யார் என்று தெரிந்துவிடும். குரலையே முத்திரையாக்கிக் காட்டியது கொழும்பு.

லண்டனிலிருந்தும் தமிழுக்கு ஒரு நல்ல பெயர் வந்தது. 1941 மே 3-ஆம் தேதி யுத்தச் செய்திகளுக்காகத் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பின்னர் பெயரிட்டவர், யாழ்ப்பாணத்தவரும் ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலின் ஆசிரியருமான சோ. சிவபாதசுந்தரம். ஸ்தாபனத்தின் பெயரை விட நிகழ்ச்சியின் பெயரே நிலைத்துவிட்டது. ‘தமிழோசையில் சொன்னார்கள்’ என்றால் அதற்குமேல் அத்தாட்சி வேண்டியதில்லை என்ற காலம் ஒன்று இருந்தது. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்றது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கதை திசை திரும்பியது. 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் தோன்ற, 2003-ல் சென்னையில் சூரியன் 93.5-லும் மிர்ச்சி 98.3-லும் பேச ஆரம்பித்தன. அரசாங்க நிலையத்துக்குப் போட்டி இல்லாத வரையில் மணிக்கொரு தடவை பெயர் சொன்னால் போதுமாயிருந்தது. பத்து நிலையங்கள் ஒரே சினிமாப் பாட்டை ஒலிபரப்பும்போது, பாட்டு அடையாளமாகாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள நாலைந்து விநாடிதான் அடையாளம். அந்த நாலைந்து விநாடியைச் செதுக்குவதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. நிலையத்தின் பெயரையும் எண்ணையும் பாடலாகப் பாடுவது ‘ஜிங்கிள்’, பாட்டின் வாலிலிருந்து அடுத்த பாட்டின் தலைக்குத் தாவும்போது, விசை ஒலிகளோடு ஒரு சொல்லை வீசிவிட்டுப் போவது ‘ஸ்வீப்பர்’, வரப்போகும் நிகழ்ச்சிக்கு ஆவலைத் தூண்டுவது ‘ப்ரோமோ’, ஆர்.ஜே. பேசும் இடைச்செருகல் ‘லிங்க்’; இவை அனைத்துக்கும் மேலே கொடிபோல் பறப்பது ‘டேக்லைன்’.

‘கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க’ என்ற சூரியன் பண்பலையின் வாசகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் எழுவாயும் இல்லை, பொருளும் இல்லை. ஒரே வினையை மூன்று தடவை அடுக்கிய ஏவல், அவ்வளவுதான். குழந்தையைச் சாப்பிடச் சொல்லும் தாயின் தொனியில் அமைந்த அந்தப் பேச்சுத் தமிழ், ‘சென்னை வானொலி நிலையம், நேரம் இப்போது’ என்ற எழுத்துத் தமிழை ஒரே நாளில் பழையதாக்கிவிட்டது. ‘இது செம ஹாட் மச்சி’ என்ற மிர்ச்சியின் வாசகமோ கல்லூரி வாசலில் நிற்கிற இளைஞனின் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டது. முன்பு மேலிருந்து வந்த குரல் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டது. இந்த மாறுதலைத் தமிழின் வீழ்ச்சி என்று வருந்துகிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டளையிட்டவர்கள் கெஞ்ச ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள், அதில் கேட்பவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இத்தனை தடவை பெயரைச் சொல்வானேன் என்று கேட்கலாம். விளம்பரக் கட்டணம் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை அறிவதற்கு உலகெங்கும் வழங்கி வந்த முறை, தேர்ந்தெடுத்த சில நேயர்களிடம் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்து, கால் மணிக்குக் கால் மணி எந்த நிலையம் கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளச் சொல்வது. ஆக, நேயர் கேட்டால் மட்டும் போதாது. எதைக் கேட்டோம் என்பது பேனாவை எடுக்கும்போது ஞாபகத்துக்கு வரவும் வேண்டும். ஞாபகத்தில் நிற்காத நிலையம் கணக்கில் கேட்கப்படாத நிலையமே. சலிப்பூட்டும் அளவுக்குப் பெயரை ஓதுவதன் ரகசியம் இதுதான்.

ஆனால் இந்தச் சாமர்த்தியத்தின் நடுவே ஒன்று நழுவிவிட்டது. மிர்ச்சி சென்னையிலும் 98.3, டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அதே 98.3. எண் ஒன்று, பெயர் ஒன்று, மெட்டும் ஒன்று. ஒரு நகரத்தில் செய்த விளம்பரம் எல்லா நகரங்களுக்கும் பயன்படுகிறது. வியாபார நோக்கில் இது நியாயமே. ஆயினும் ‘பேர் என்ன’ என்ற கேள்விக்கு நூறு தடவை விடை சொல்கிற குரல், ‘எந்த ஊர்’ என்ற கேள்வியை மெல்ல மெல்ல மறந்துவருகிறது. ‘சிலோன் வை’ என்று ஊரைக் கேட்ட வாய், இப்போது ஒரு மிளகாயின் பெயரைக் கேட்கிறது. காங்கிரஸ் வானொலி உயிரைக் காக்க ஊரை மறைத்தது. இன்றைய நிலையங்கள் ஊரைச் சொல்ல அவசியமில்லாமையால் விட்டுவிட்டன. புதிய கார்களின் கண்ணாடித் திரையில், காதுக்குக் கேட்காத துணை அலை ஒன்றின் வழியாக, நிலையத்தின் பெயர் எட்டு எழுத்துக்குள் தானாகவே மின்னுகிறது. அந்த எட்டு எழுத்தில் ஊருக்கு இடமேது?

இதை நான் படப்பையில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ‘படப்பை’ என்றால் சங்கத் தமிழில் தோட்டம், வீட்டை ஒட்டிய கொல்லை. வடமேற்கே ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். அருகிலே பல்லவரும் சளுக்கரும் பொருத மணிமங்கலம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உருண்டு வருகின்றன. அவற்றைப் பூட்டுகிற கைகள் திருவண்ணாமலையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவை. இந்த மனிதர்களுக்கு, வந்து சேர்ந்த ஊர் எது என்று சொல்லித் தருகிற குரல் ஒன்று வேண்டியிருக்கிறது. ஆவடியிலிருந்து 720 கிலோஹெர்ட்ஸில் வருகிற மத்திய அலையும், நகரத்துக் கோபுரங்களிலிருந்து வருகிற பண்பலைகளும் இங்கே நன்றாகவே கேட்கின்றன. அவை பேசுவது சென்னையைப் பற்றி. அண்ணா சாலையில் நெரிசல் என்று சொல்லும் குரலுக்கு, வாலாஜாபாத் சாலையில் லாரி கவிழ்ந்ததைச் சொல்ல நேரம் இராது. அது அதன் குற்றமுமன்று.

சட்டம் இதற்கு வழி வைத்தே இருக்கிறது. 2002-ல் கல்வி நிலையங்களுக்கும், 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த மத்திய அரசாங்கம் இடம் கொடுத்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்த வகையில் நாட்டுக்கே முதல் வளாக நிலையம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும், இயன்றவரை உள்ளூர் மொழியிலே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒலிபரப்புச் சக்தி 100 வாட் வரை அனுமதி. ஒரு நகரத்துக்கே வானொலியை அறிமுகப்படுத்திய 1924-ஆம் ஆண்டுச் சங்கத்தின் கருவி 40 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த 100 வாட் ஒன்றும் அற்பமல்ல.

இந்த நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒலிக்கருவிகளை இயக்கத் தெரிந்த மாணவர்களுக்கும் குறைவில்லை. அவர்களில் யாராவது இந்தக் காரியத்தை எடுத்துச் செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது, பெயருக்காக விளம்பர நிபுணர்களைத் தேடிப் போக வேண்டாம். முகப்பிசைக்கு நம்மூர் நாதஸ்வரக்காரர் ஒருவரை அரை நாழிகை வாசிக்கச் சொன்னால் போதும். அதன் முடிவில், காலை ஷிப்டுக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் கேட்கும்படி, தெளிவாக, அவசரமில்லாமல், ‘படப்பை வானொலி நிலையம்’ என்று ஒரு முறை சொன்னால் போதும்.